மனநல மாத்திரை பற்றி நம்பிப் படிக்க எங்கே போவது? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

காரிமங்கலம் தங்கச்சி

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 29 வயது. பெங்களூரில் வேலையில் இருந்தபோது நாள் கணக்கில் தூங்காமல், கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்து, கடைசியில் அவனுடைய நண்பர்கள்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இருமுனை மனநோய் (பைபோலார்) என்றார்கள், மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நோய். இப்போது ஊரில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். லித்தியமும் ஒலன்சபினும் தினமும் உண்டு. இரவுக்கு ஒரு குளோனசெபாம். அதை மட்டும் மெதுவாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தலைவலி ஆரம்பித்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவில். மாமா ஒரு வீடியோ அனுப்பினார். காவி வேட்டி கட்டிய ஒருவர், மனநல மாத்திரை சாப்பிட்டால் மூளை சுருங்கிவிடும், கிட்னி போய்விடும், ஆயுசுக்கும் அடிமைதான் என்கிறார். கீழே அவருடைய பொடிக்கு ஒரு போன் நம்பர். அம்மா அதைப் பார்த்ததிலிருந்து மாத்திரை டப்பாவை எடுக்கும்போதெல்லாம் முகம் மாறுகிறது. அண்ணனும் "நிறுத்திடலாமா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறான்.

சரி, நாமே படித்துத் தெரிந்துகொள்வோம் என்று பார்த்தால், தமிழில் தேடினால் விளம்பரமும் இதே மாதிரி வீடியோவும்தான். ஆங்கிலத்தில் தேடினால் பக்கவிளைவுப் பட்டியல் முடிவதே இல்லை. ஒலன்சபின் டப்பாவில் பைபிள் தாள் மாதிரி மெல்லிசாக மடித்து ஒரு காகிதம் இருக்கிறது. அதைப் படித்தால் எனக்கே மாத்திரை தேவைப்படும் போலிருக்கிறது.

எந்த மாத்திரை நல்லது என்று நான் கேட்கவில்லை. எதை நம்புவது, எப்படிப் படிப்பது என்றுதான் கேட்கிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மருந்துக்கடை ஊத்தங்கரை

தங்கச்சி, அந்த மெல்லிசுக் காகிதத்தின் தலைப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பாருங்கள். பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவமனை அல்லது ஆய்வகத்தின் உபயோகத்துக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். டாக்டருக்கு எழுதியதை வீட்டில் இருப்பவர்கள் படித்தால் பயம்தான் வரும். பிரிட்டனில் நோயாளி படிப்பதற்கென்றே தனியாக ஒரு தாள் போட வேண்டும் என்று சட்டம் உண்டு. மருந்தின் பெயரோடு 'பேஷன்ட் இன்ஃபர்மேஷன் லீஃப்லெட்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் அது கிடைக்கும். அதே மருந்துதான், ஆனால் எளிய வாக்கியங்களில் இருக்கும். பத்தாவது வரை ஆங்கிலம் படித்தவர்களுக்குப் புரியும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் மருந்தின் உண்மைப் பெயரையே எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் "அந்த மஞ்சள் மாத்திரை", "தூக்க மாத்திரை" என்றுதான் கேட்கிறார்கள். பிராண்ட் பெயரை வைத்து இணையத்தில் தேடவே தேடாதீர்கள். நம் நாட்டு பிராண்ட் பெயர்கள் வெளிநாட்டுத் தளங்களில் இருக்காது. இருந்தாலும் வேறு மருந்தாக இருக்கலாம். பட்டையில் பிராண்டோடு சேர்த்து மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அச்சிட்டிருக்கும், அதைத்தான் தேட வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கிற 300 பிராண்டுகளில் கியூஆர் குறியீடும் போடுகிறார்கள். போனில் காட்டினால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், காலாவதி தேதி எல்லாம் வரும்.

இன்னொன்று. முழுப் பட்டை வாங்கக் காசில்லை என்று நான்கு மாத்திரை வெட்டி வாங்குகிறார்கள். காலாவதி தேதி ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தைக் கடைசியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். முதல் தடவை வாங்கும்போது முழுப் பட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜிஹெச் (அரசு ஆஸ்பத்திரி) மாத்திரை என்றால் பிராண்டே இருக்காது, மருந்தின் பெயர்தான் இருக்கும். "பெங்களூரில் கொடுத்தது வேறு, இங்கே கொடுப்பது வேறு" என்று ஜிஹெச் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பெயரும் மில்லிகிராமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், கலரைப் பார்க்காதீர்கள். லித்தியத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அதில் மெதுவாகக் கரையும் வகையும் உண்டு, சாதா வகையும் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நைட் ஷிப்ட் ஓசூர்

நான் பதற்ற நோய்க்கு எஸ்சிடலோப்ராம் சாப்பிடுகிறவன். சிப்காட்டில் வேலை. கடைக்கார அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்.

எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையின் பிராண்ட் பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்று ஒரு வால் இருந்தது. அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. எஸ்சிடலோப்ராம் பழக்கமாகாது என்று எல்லா நல்ல தளத்திலும் போட்டிருந்தது, நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் பட்டையைத் திருப்பிப் படித்தால் கூடவே குளோனசெபாம். அந்த இரண்டாவது மருந்து நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும், திடீரென்று விடவும் கூடாது. நான் படித்த தகவல் எல்லாம் சரியான தகவல்தான், ஆனால் என் மாத்திரையில் பாதியைப் பற்றி மட்டும். அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேன். ஆரம்பத்துப் பதற்றத்துக்காகச் சேர்த்தது என்று சொல்லி, தனி எஸ்சிடலோப்ராமுக்குப் படிப்படியாக மாற்றிக் கொடுத்தார்.

நான் படிப்பது பிரிட்டன் அரசின் என்ஹெச்எஸ் தளம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்ப்ளஸ் இன்னொன்று. இரண்டிலும் விளம்பரம் கிடையாது, பக்கத்தின் அடியில் எப்போது சரிபார்த்தார்கள் என்ற தேதி இருக்கும். தேதி இல்லாத பக்கத்தை நான் மூடிவிடுவேன்.

அப்புறம், பக்கவிளைவுப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுகிறீர்களே, அதில் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டன், ஐரோப்பியத் தாள்களில் 'மிகப் பரவலானது' என்றால் 10 பேரில் 1 பேருக்கு மேல். 'பரவலானது' 100-ல் 1 முதல் 10-ல் 1 வரை. 'அரிது' என்றால் 1,000 பேரில் 1-க்கும் கீழே. 'மிக அரிது' 10,000-ல் 1-க்கும் கீழே. முதல் இரண்டு தலைப்பில் இருப்பதை நன்றாகப் படித்துக்கொள்வேன். அரிது என்பதில் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எது என்று மட்டும் பார்ப்பேன். எனக்கு முதல் வாரம் முழுக்க வயிற்றுப் புரட்டல் இருந்தது. தாளில் முதல் வரியே அதுதான். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும் என்பதும் அங்கே இருந்தது. அதைப் படிக்காமல் இருந்திருந்தால் பத்தாம் நாளே விட்டிருப்பேன்.

மாந்தோப்பு

எல்லோரும் வெள்ளைக்காரன் தளத்தைச் சொல்கிறீர்கள். மருந்துக் கம்பெனி காசு எங்கேதான் போகவில்லை? என் அத்தை காவேரிப்பட்டணத்தில் பல வருடமாக ஒலன்சபின் சாப்பிடுகிறார். உடம்பு ஊதிப் போய், இப்போது சர்க்கரை வேறு. ஒரு டாக்டராவது முதலில் சொன்னாரா? இரண்டு நிமிடம் பார்ப்பார், "அதே மாத்திரை கன்டினியூ" என்பார், அடுத்த ஆள். அந்த வீடியோக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் மக்கள் அவரிடம் போகிறார்கள்.

பென்னாகரம் சமூகப்பணி

மாந்தோப்பு அண்ணா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் மனநல சமூகப்பணியாளராக வேலை பார்த்தவள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஒலன்சபின் உடம்பைக் கூட்டும், சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். இது மறைக்கப்பட்ட ரகசியம் இல்லை, எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருப்பது. ஆரம்பிக்கும் முன்னால் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிட்டு, பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். உங்கள் அத்தைக்கு அதைச் சொல்லவில்லை என்றால் அது குறைதான்.

கம்பெனிக் காசு பற்றியும் நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 2008-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகத்திடம் பதிவு செய்த 74 பரிசோதனைகளை எடுத்து, எவை இதழ்களில் வெளிவந்தன என்று பார்த்தார்கள். நல்ல முடிவு வந்த 38-ல் 37 அச்சானது. மீதி 36-ல் 22 வெளிவரவே இல்லை, 11 நல்ல முடிவு போலத் திருப்பி எழுதி வெளியிடப்பட்டன. இதைக் கண்டுபிடித்ததும் ஆய்வாளர்கள்தான், கம்பெனியின் பேச்சை அப்படியே நம்பாத ஆய்வாளர்கள். அப்படிப்பட்ட இடம் காக்ரேன் என்ற உலக அளவிலான ஆய்வாளர் அமைப்பு. மருந்துக் கம்பெனிப் பணம் வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. எல்லாப் பரிசோதனைகளையும் திரட்டி, ஆதாரம் பலமா, பலவீனமா என்றே எழுதுவார்கள். அவர்கள் தளத்தில் தமிழிலும் எளிய சுருக்கங்கள் இருக்கின்றன. எல்லாத் தலைப்பும் தமிழில் கிடையாது, நடையும் கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் பொடி விற்கிற போன் நம்பர் இருக்காது.

வீடியோவில் சொன்ன மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். மூளை சுருங்கும் என்பது: ஒலன்சபின் மாதிரியான மருந்துகளை நீண்ட காலம் எடுப்பவர்களின் மூளை அளவில் சிறு மாற்றம் இருக்கிறதா, அது மருந்தாலா நோயாலா என்று விவாதம் உண்மையிலேயே நடக்கிறது. லித்தியத்தில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் நேர் எதிர்ப் பக்கம் காட்டுகின்றன. கிட்னி என்பது லித்தியத்தில் நிஜமான கவலை, அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை. அடிமையாவது குளோனசெபாமுக்குப் பொருந்தும், லித்தியத்துக்கும் ஒலன்சபினுக்கும் பொருந்தாது. ஆனால் லித்தியத்தைச் சடாரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். அந்த வீடியோவில் சொல்லாமல் விட்டது இதுதான், உயிருக்கு ஆபத்தானதும் இதுதான்.

மாந்தோப்பு

படித்துப் பார்க்கிறேன். ஆனால் இரண்டு நிமிட டாக்டர் விஷயத்துக்கு உங்களிடம் பதில் இல்லை.

பென்னாகரம் சமூகப்பணி

கூட்டம் குறைய என்னிடம் வழி இல்லை அண்ணா. கேட்கும் உரிமை இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 22-வது பிரிவு என்ன நோய், என்ன சிகிச்சை, அதன் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் தருகிறது. புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 25-வது பிரிவில் மருத்துவப் பதிவேட்டைப் பெறும் உரிமை. தங்கச்சி, பெங்களூர் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இல்லை என்றால் அதை வாங்கிவிடுங்கள். இங்கே எந்த டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஒவ்வொரு தடவையும் பெங்களூர் பஸ் ஏற வேண்டியதில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் டாக்டர் வருவார். நாள் மாறும், விசாரித்துவிட்டுப் போங்கள். அவசரமாக ஒரு சந்தேகம் என்றால் 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவை. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்காமல் டோஸ் மாற்றச் சொல்ல மாட்டார்கள், ஆனால் "இது இப்போதே ஓட வேண்டிய விஷயமா, திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா" என்பதற்கு பதில் கிடைக்கும். பாதி ராத்திரியில் அதுதான் வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி மகன்

லித்தியம் என்று பார்த்ததும் எழுதுகிறேன். அப்பா நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்து லித்தியம் சாப்பிடுகிறார். ஆடு மாடு, தோட்டம், எல்லாம் அவர்தான் இன்னமும்.

தங்கச்சி, இந்த மருந்தில் படிக்க வேண்டியது பக்கவிளைவுப் பட்டியலை விட 'எதோடு சேராது' என்ற பகுதி. லித்தியத்தில் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். ரத்தத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை வைப்பார்கள், வயதானவர்களுக்கு இன்னும் குறைவாக. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அந்தப் பரிசோதனை கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுப்பது. ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டால் காலை எட்டரைக்கு ரத்தம், அன்று காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். லேபில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் நம்பர் ஏறித் தெரியும், டாக்டர் டோஸைக் குறைத்துவிடுவார், நோய் திரும்பும். தைராய்டும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கூடவே பார்ப்பார்கள், சாதாரணமாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

வலி மாத்திரை. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எல்லாம் லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். நம் பக்கம் முதுகுவலி என்று போனால் கேட்பதற்கு முன்னாலேயே டைக்ளோஃபினாக் ஊசியைப் போட்டுவிடுவார்கள். அப்பா சட்டைப் பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறார், 'லித்தியம் சாப்பிடுகிறேன், வலி ஊசி வேண்டாம்' என்று என் கையெழுத்தில். ஜுரம், தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும்.

பிபி மாத்திரையிலும் இதே கதை. எனலாப்ரில், லோசார்டன், நீர் பிரியும் மாத்திரை, மூன்றும் லித்தியத்தோடு எச்சரிக்கை. அப்பாவுக்கு பிபி வந்தபோது, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற அக்காவிடம் லித்தியம் பட்டையை எடுத்துக் காட்டினோம். அவர் அங்கேயே போன் போட்டு டாக்டரிடம் கேட்டார், அம்லோடிபின் கொடுத்தார்கள். (அந்தத் திட்டமே 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்ததுதான்.) பிபி வந்துவிட்டதே என்று உப்பைத் திடுதிப்பென்று குறைப்பதும் கூடாது. உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் தோட்டத்தில் நின்று வியர்த்துக் கொட்டினாலும், வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலும் அதே கதைதான். கை நடுக்கம் திடீரென்று அதிகமாவது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், வாந்தி பேதி என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் லித்தியம் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் நான் வீடியோவில் கற்றதில்லை. பிரிட்டன் நோயாளித் தாளை அச்செடுத்து, ஒவ்வொரு வரியையும் அப்பாவின் டாக்டரிடம் "இது எங்களுக்குப் பொருந்துமா" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

காரிமங்கலம் தங்கச்சி

அண்ணா, அண்ணனுக்குப் போன மாசம் கால் சுளுக்குக்கு ஒரு ஜெல் தடவினார்கள், டைக்ளோஃபினாக். அதுவுமா?

மருந்துக்கடை ஊத்தங்கரை

தடவுகிற ஜெல்லில் உடம்புக்குள் போவது ரொம்பக் கொஞ்சம், மாத்திரை ஊசி அளவுக்குப் பயம் வேண்டாம். ஆனாலும் தினமும் பெரிய இடத்தில் தடவுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கடையில் எதை வாங்கினாலும் முதலில் "லித்தியம் சாப்பிடுகிறவருக்கு" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இந்த ஏஐயிடம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இப்போது கடைக்கு அதிகம். பதில் ரொம்ப அழகாக வருகிறது. போன வாரம் ஒரு தம்பி போனை நீட்டினார். அவர் அடித்தது பிராண்ட் பெயர், அது சொன்னது அதே மாதிரி ஒலிக்கிற வேறொரு மருந்தின் கதை. மருந்துப் பெயர் சரியாகக் கொடுத்துக் கேட்டால் பரவாயில்லை, ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று கேட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நிர்வாகி

ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். 'ஒலன்சபினை இத்தனை நாளில் இப்படிக் குறைத்து நிறுத்தலாம்' என்று டோஸ் அட்டவணை போட்டிருந்தார். நல்ல எண்ணமாக இருக்கலாம், இங்கே அது கூடாது. சோற்றில் கலந்து கொடுக்கும் குடி நிறுத்தப் பொடி விளம்பரம் ஒன்றும் வந்தது, அதுவும் போய்விட்டது.

பென்னாகரம் சமூகப்பணி

அந்தப் பொடி பற்றி ஒரு வார்த்தை, நிர்வாகி மன்னிக்கவும். டைசல்ஃபிராம் என்று குடியை நிறுத்த உதவும் ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி, உயிரே போகலாம். அதனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். தெரியாமல் கலந்து கொடு என்கிற எந்தப் பொடியிலும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான்.

அரூர் அக்கா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தங்கைக்கும் இதே நோய்தான். அவளுக்குக் கொடுப்பது சோடியம் வால்ப்ரோயேட். இணையத்தில் பார்த்தால் வலிப்பு மாத்திரை என்று வருகிறது. அவளுக்கு வலிப்பே கிடையாது. தவறாகக் கொடுத்துவிட்டார்களா? தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாகிவிட்டது, அதனால் அந்தக் கவலை இல்லை.

பென்னாகரம் சமூகப்பணி

தவறில்லை அக்கா. வலிப்புக்கும் இருமுனை நோய்க்கும் ஒரே மருந்து வேலை செய்கிறது, பல வருடமாக இரண்டுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் கல்யாணம் என்று சொன்னீர்களே, அதுதான் முக்கியம். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் 10 குழந்தைகளில் சுமார் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, முதுகுத்தண்டு மூடாமல் இருப்பது அதில் ஒன்று. 10-ல் 3, 4 குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்னடைவு. பிரிட்டனில் இதற்காகவே கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். முதல் சில வாரத்திலேயே பாதிப்பு தொடங்கிவிடும், அதாவது நாள் தள்ளிப்போனது தெரிவதற்கு முன்னாலேயே.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளை அழைத்துக்கொண்டு போய் "குழந்தை பெற நினைக்கிறாள், வேறு மருந்துக்கு மாறலாமா, அதுவரை கருத்தடைக்கு என்ன செய்வது" என்று நேரடியாகக் கேளுங்கள். மாற்றுவதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். தை வரை காத்திருக்க வேண்டாம். அவள் மட்டும் தனியாக டாக்டரிடம் பேச ஐந்து நிமிடம் விடுங்கள், கூட நிற்க வேண்டாம்.

அரூர் அக்கா

இதை யாரும் சொல்லவில்லையே. நாளைக்கே போன் போடுகிறேன்.

நைட் ஷிப்ட் ஓசூர்

இதனால்தான் 'என் வயசு, என் நிலைமைக்கு என்ன' என்று தேட வேண்டும் என்கிறேன். மனச்சோர்வு மருந்துகளிலும் (என் எஸ்சிடலோப்ராமும் அந்த வகைதான்) அப்படி ஒன்று உண்டு. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம், கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவில் 2004-ல் சிறுவர்களுக்கும், 2007-ல் இளைஞர்களுக்கும் சேர்த்துக் கட்டம் போட்ட எச்சரிக்கை வைத்தார்கள். எனக்கு 38, எனக்கு அது பெரிய விஷயமில்லை. ஹாஸ்டலில் தனியாக இருக்கும் 19 வயதுப் பையனுக்கு அதுதான் முதல் வரி.

காரிமங்கலம் தங்கச்சி

எல்லோருக்கும் நன்றி. தருமபுரியில் அண்ணனைக் காட்டிவிட்டு வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரி, பட்டை போட்டோ, ஒரு தாளில் ஐந்து கேள்வி. டாக்டர் முதலில் தாளைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் பெரிய வரிசை நின்றது, ஆனாலும் சொன்னார். லித்தியம் அளவு 0.7, கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. எடை கூடியிருக்கிறது, ஒலன்சபினைக் குறைக்கலாமா என்று அடுத்த முறை பார்ப்பாராம். குளோனசெபாமைக் குறைக்கும் கணக்கை எழுதியே கொடுத்தார்.

அண்ணன் பீடி பிடிப்பான். அதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். புகை ஒலன்சபினைச் சீக்கிரம் கழித்துவிடுமாம், பீடியை விட்டால் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிவிடுமாம். அதனால் விடுவதாக இருந்தால் சொல்லிவிட்டு விடு என்றார். நான் படித்த எந்தப் பக்கத்திலும் இது என் கண்ணில் படவில்லை, இருந்திருக்கும், நான் தேடியிருக்க மாட்டேன். மாமாவின் வீடியோவுக்குப் பதிலாக அந்த ரிப்போர்ட்டைக் குழுவில் போட்டோம். மாமா ஒரு கும்பிடு எமோஜி போட்டார். அதன் அர்த்தம் என்ன என்று தெரியவில்லை.

மருந்துக்கடை ஊத்தங்கரை

பீடியில் இருக்கும் நிகோடினால் இல்லை, புகையால்தான் அப்படி. அதனால் நிகோடின் சூயிங்கத்துக்கு மாறினாலும் ஒலன்சபின் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். நல்ல டாக்டர், பீடியைக் கேட்டாரே.

புதிதாக ஏதாவது பக்கவிளைவு வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே தெரிவிக்கலாம். எண் 1800 180 3024, பொதுமக்களுக்குத் தமிழிலேயே ஒரு படிவம் இருக்கிறது. டாக்டர் மட்டும்தான் எழுத வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

மாந்தோப்பு

சரி. அத்தையை அடுத்த வாரம் கிருஷ்ணகிரி அழைத்துப் போகிறேன். ஒலன்சபினுக்கு என்னென்ன டெஸ்ட் கேட்க வேண்டும்? எழுதிப் போடுங்கள், இரண்டு நிமிடத்தில் நான் கேட்டுவிடுகிறேன்.

பென்னாகரம் சமூகப்பணி

வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாத சராசரி சர்க்கரை, கொழுப்பு. எடையும் இடுப்புச் சுற்றளவும் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம். கை கால், வாய், நாக்கு தானாக அசைகிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பல வருடம் எடுத்தவர்களுக்கு அது அவசியம். இந்த மருந்தை விட எடை குறைவாக ஏற்றும் மருந்துக்கு மாற முடியுமா என்றும் கேட்கலாம், ஆனால் இத்தனை வருடம் அத்தை நிலையாக இருந்ததற்கு இதே மருந்து காரணமாக இருந்தால் டாக்டர் தயங்குவார், அந்தத் தயக்கத்துக்கும் காரணம் கேளுங்கள். சர்க்கரைக்கு வேறு மாத்திரை சாப்பிட்டால் அந்தப் பட்டைகளையும் எடுத்துப் போங்கள். காலையில் காபி கூடக் கொடுக்காமல் அழைத்துப் போங்கள் அண்ணா, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.